ஹம்மிங் மட்டும்தான் உனக்கு

ஹம்மிங் மட்டும்தான் உனக்கு, வார்த்தையே கிடையாது, ரொம்ப ஈஸிங்கிறான். வாயைத் திறந்து ஒரு ஆ, ஒரு ஊ, அவ்வளவுதானாம், மிச்சத்தை அவன் பாடிடுவானாம். பாடுவான், ஏன் பாட மாட்டான். அண்ணனை அவன் இவன்னு சொல்லக் கூடாதுன்னுதான் எங்கம்மா வளர்த்தா, வெளியில நானும் இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொன்னதில்ல, ஆனா மனசுக்குள்ள எவன் வந்து கேக்கப்போறான், சொல்லுவேன், அவன், அவன், அவன். தலை பூரா டையை அப்பிக்கிட்டு பின்கட்டுல பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேன். தோள்ல கிழிஞ்ச துண்டு, காலுக்குக் கீழ நேத்துப் பேப்பர், நெத்தியோரம் கறை ஒட்டாம இருக்க வாசலின். "நாப்பது நிமிஷம் அசையாதீங்க அத்தை, போன தடவை மாதிரி பாதியில போய்க் கழுவிடாதீங்க"ன்னு சொல்லிட்டு என் மருமக பிரதீபா உள்ள போயிட்டா. மணி மூணு இருபது. நாலரைக்குக் காரை எடுத்துக்கிட்டு வரேன், ரெடியா இருன்னு காலையில போன் பண்ணினான். அவனும் அவனோட ரிட்டயர்டு கூட்டாளிங்களும் ஒரு கரோக்கே கிளப் வெச்சிருக்காங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறது. இன்னிக்கு ஆறு மணிக்கு அவங்க ஹால்ல மதுகருக்கு அஞ்சலியாம். மதுகர் முந்தாநாள் செத்துப்போயிட்டார். பேப்பர்ல எட்டாம் பக்கத்துல மூணு வரி, போட்டோகூட இல்ல, பழம்பெரும் பாடகர்னு போட்டிருந்தான், அதுக்குக் கீழ செப்டிக் டேங்க் சுத்தம் செய்யற விளம்பரம். அந்தப் பக்கம்தான் இப்ப என் காலுக்குக் கீழ கிடக்குதோ என்னமோ, குனிஞ்சு பார்க்கவும் முடியல, குனிஞ்சா டை கண்ணுல இறங்கும்.

போன் வாஷிங் மிஷின் மேல இருக்கு. எடுக்க மாட்டேன். எட்டுத் தடவை படிச்சாச்சு, கண்ணாடி இல்லாமலே அச்சு அசலா சொல்லுவேன். குடும்ப குரூப்ல எழுதியிருக்கான், அதுவும் மேடைத் தமிழ்ல. "மென்குரல் மதுகர் மறைந்தார். எங்கள் இளமையின் குரல் ஓய்ந்தது. பொன்மலை வீட்டில் நானும் தங்கை அம்சவேணியும் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட நாட்கள் கண்ணிலேயே நிற்கின்றன. 1984இல் 'குடை எதற்கு' பாடலை விரும்பிக் கேட்டவர்கள் என்று எங்கள் இருவர் பெயரையும் வானொலியில் வாசித்தார்கள். மறக்க முடியுமா?" மறக்க முடியுமாவாம். எங்கள் இருவர் பெயராம். அதுக்குக் கீழ இருபத்தாறு ஹார்ட்டு, பதினாலு கும்பிடு. டொரண்டோவுல இருக்கிற எங்க சித்தி மக சோ க்யூட்னு போட்டிருக்கா. க்யூட்டு! அடியே, உனக்கு என்னடி தெரியும். எங்கள் இருவர். அந்த ரெண்டு வார்த்தைக்கிட்ட வந்தா அதுக்கு அப்பால படிக்கவே முடியல, திரும்ப மேல போயிடறேன். நிஜமாவே மறந்துட்டானா? நாப்பது வருஷம் ஆச்சே, சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிட்டோமாங்கிறதே அவனுக்கு ஞாபகம் இல்லன்னு அண்ணி சொல்லுது, இதுவும் அப்படித்தான் கலங்கிப்போச்சா? இல்ல தெரிஞ்சே எழுதறானா? மறந்திருந்தா அது ஒரு அநியாயம். ஒரு மனுஷனோட கையை ஒடிச்சது உனக்கு ஞாபகம் இல்லன்னா நீ என்ன பிறவி. மறக்கலன்னா அது அதைவிடப் பெரிய அநியாயம். எது தேவலாம்னு காலையில இருந்து யோசிக்கிறேன், ரெண்டும் தேவலாம் இல்ல.

உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். பிரதீபா போன்ல அந்தப் பாட்டைத்தான் போட்டுப் பார்க்கிறா. குழாய்ல குடத்தை வெச்சா மெதுவா நிறையுமே, அந்த மாதிரி ஒரு கிடார், அப்புறம் அந்தக் குரல். மழை நின்ற பின்னே குடை எதற்கு, நீ சென்ற பின்னே நடை எதற்கு. ஐயோ, உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகுது, அறுபது வயசுல, டையோட. "என்ன அத்தை இது, இப்படித் தூங்கி வழியுது? ஒன்றரை மடங்கு வேகத்துல வெச்சாதான் பாட்டு மாதிரியே இருக்கு"ன்னு உள்ளேயிருந்தே கேக்கறா. "வேகத்துல வெச்சியா? எடுடி, முதல்ல எடு அதை"ன்னு கத்திட்டேன். பாவம், அவ மேல எதுக்குக் கோபம். அந்தக் காலத்துலயே எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. தூக்க மாத்திரை, ஜலதோஷ பாகவதர், மூக்கைச் சிந்திட்டு வந்து பாடச் சொல்லு, என்னென்ன பேச்சு. மொத்தமே பதினோரு சினிமாப் பாட்டு, ரெண்டு கேசட்டு. அந்தக் குடை பாட்டு வந்த படம் எங்க ஊர்ல நாலு நாள்தான் ஓடுச்சு. முழுக்கைச் சட்டையைக் காலர் வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு, ஒரு வகிடு எடுத்துச் சீவிக்கிட்டு, ஸ்கூல் வாத்தியார் மாதிரி நிப்பார். அதுல என்னத்தைடி கண்டேன்னு காலேஜ்ல என் சிநேகிதி கேப்பா. என்னத்தைக் கண்டேன்? எங்க வீட்டுல எல்லாரும் கத்திப் பேசறவங்க. அப்பா தண்ணி கேட்டாலே தெருவே திரும்பிப் பார்க்கும். அண்ணன் சட்டை இஸ்திரி போடலன்னா சட்டையைத் தூக்கி மூஞ்சியில எறிவான். அந்த வீட்டுக்குள்ள ஒரு ஆம்பளைக் குரல் வந்து, உனக்கு இஷ்டம் இருந்தா கேளு, இல்லன்னா பரவாயில்லன்னு பேசுற மாதிரி பாடுச்சு. அவ்வளவுதான். கல்யாணம் கட்டிக்கணும்னு எல்லாம் நினைக்கல, ஐயோ, யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா நினைக்கல. ஒருத்தர் சத்தம் போடாம பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. நான் அந்தப் பாட்டைக் கேக்கும்போதெல்லாம் இந்த மறக்க முடியுமாக்காரன் என்ன பண்ணுவான் தெரியுமா, "பொட்டப்பய பாட்டை நிறுத்து, குடை எதுக்காம், உன் மண்டையில போடத்தான்"னு வந்து ரேடியோவைத் திருகிடுவான். பக்கத்துல உட்கார்ந்து கேட்டானாம், பக்கத்துல.

நேயர் விருப்பத்துக்குக் கார்டு போடறது எங்க தெருவுல அப்ப ஒரு வியாதி. பதினஞ்சு பைசாக் கார்டு. ஓரத்துல ஸ்கெட்ச் பேனாவுல கொடி வரைவோம், பூ வரைவோம், அப்பதான் ரேடியோ ஸ்டேஷன்ல கண்ணுல படுமாம். பேரு நிறைய இருந்தா சீக்கிரம் வாசிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை, அதனால அப்பா, அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வரைக்கும் எல்லார் பேரையும் எழுதித் தள்ளுவேன். குழந்தை பாட்டுக் கேட்டுச்சான்னு யார் வந்து விசாரிக்கப்போறா. நாப்பது கார்டு போட்டிருப்பேன், ஒண்ணும் வரல. மதுகர் பாட்டுன்னா அவங்களே ஒதுக்கி வெச்சுடறாங்கன்னு எனக்கு ஒரே ஆங்காரம். அந்தச் சமயத்துல ஒரு வாரப் பத்திரிகையில கேள்வி பதில் பக்கத்துல ஒருத்தன் கேட்டிருந்தான், பாடகர் மதுகரின் இயற்பெயர் என்னன்னு. சவேரிமுத்துன்னு போட்டிருந்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் ஒரு மாதிரி பாசமா வந்துச்சு. மதுகர்னா பத்திரிகைக்காரங்களுக்கு எல்லாம் சொந்தம், சவேரிமுத்துன்னா யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் அண்ணன் மறுபடியும் ரேடியோவைத் திருகினான். போடா, உன் பேரு எனக்கு எதுக்குன்னு, அடுத்த கார்டுல வீட்டுல ஒருத்தர் பேரும் எழுதல. ஊர் உலகத்துல யாரும் இவர் பாட்டை விரும்பிக் கேக்கலன்னா இவராவது கேட்டுட்டுப் போகட்டும், கேக்குறதுக்கு நான் துணைக்கு இருக்கேன்னு, பொன்மலையிலிருந்து அம்சவேணி, சவேரிமுத்துன்னு எழுதிப் பெட்டியில போட்டேன். விளையாட்டுப் புத்தி, பத்தொன்பது வயசு. ஒரு பொண்ணு பேரும் ஒரு ஆம்பளை பேரும் பக்கத்துல பக்கத்துல வந்தா ஊர் என்ன படிக்கும்னு தெரியாத வயசா அது? தெரிஞ்சிருக்கணும். அதைத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியல.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணி. லைன் பூரா ரயில்வே குவார்ட்டர்ஸ், எல்லா வீட்டுலயும் ஒரே ஸ்டேஷன், தெருவுல நடந்து போனாலே முழுப் பாட்டும் கேட்டுடலாம். அம்மா முறுக்குக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. அப்பா ஈசிசேர்ல. அறிவிப்பாளர் அம்மா தேன் மாதிரி சொல்லுச்சு, "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள், பொன்மலையிலிருந்து அம்சவேணி, சவேரிமுத்து." அவ்வளவுதான். வேற பேரே இல்ல. எனக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சொர்க்கம். அடுத்த நொடி அம்மா மாவுக் கையோட என்னைத் திரும்பிப் பார்த்தா. பாட்டு ஓடுது, குடை எதற்கு, நடை எதற்கு, அப்பா எழுந்து கதவைச் சாத்தறார். நாலாவது லைன்ல ஒரு சவேரிமுத்து இருந்தான். லோகோ ஷெட் பெர்னாண்டஸ் மகன். நான் அவன்கூட ஒரு வார்த்தை பேசினதில்ல, சைக்கிள்ல போகும்போது பார்த்திருக்கேன், பேரு சவேரிமுத்துங்கிறதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும், சத்தியமா அன்னிக்குத்தான் தெரியும். அப்பாவுக்குப் பொண்ணு காதலிச்சது ஒரு பக்கம், வேற சாமி கும்பிடற வீடுங்கிறது இன்னொரு பக்கம். அடிச்சார். யாருடி அவன், எத்தனை நாளாடின்னு அடிச்சார். அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போனான். அப்ப நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். அது பாடகரோட பேரு, பத்திரிகையில இருக்கு, இதோ பாருங்கன்னு எடுத்துக் காட்டியிருக்கணும், ரெண்டு நிமிஷ வேலை. சொல்லலையே. வெக்கம். காதலிச்சேன்னு நினைச்சா அடிப்பாங்க, ஒரு சினிமாப் பாட்டுக்காரன் பேரை என் பேருக்குப் பக்கத்துல எழுதிக்கிட்டேன்னா சிரிப்பாங்க. அடி வாங்கிடலாம், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாதுன்னு தோணுச்சு. எவ்வளவு பெரிய மடச்சி. நான் வாயை மூடிக்கிட்டு மூலையில உட்கார்ந்திருந்த அந்த நேரத்துல, சர்ச்சுக்குப் பின்னாடி கிரவுண்டுல, அண்ணனும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் அந்தப் பையனைப் பிடிச்சுட்டாங்க. கார்டை அவன்தான் எழுதிப் போட்டிருக்கான்னு அவங்க கணக்கு. எந்தக் கையாலடா என் தங்கச்சி பேரை எழுதினேன்னு கேட்டிருக்கான். அவன் நான் எழுதலண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணேன்னு மாதாவைக் கூப்பிட்டு அழுதிருக்கான். வலது கை மணிக்கட்டு. முறுக்கி ஒடிச்சாங்க. மறுநாள் ஞாயித்துக்கிழமை, ரயில்வே அப்ரெண்டிஸ் பரீட்சை. அவனும் எழுதறதா இருந்தான், அண்ணனும் எழுதறதா இருந்தான்.

இதைத்தான் யார்கிட்டயும் சொன்னதில்ல, என் வீட்டுக்காரர்கிட்டகூட. ஞாயித்துக்கிழமை காலையில அம்மா அழுதுக்கிட்டே அந்தப் பையன் கை போச்சாம்டின்னு சொன்னா. பத்திரிகையை எடுத்துக்கிட்டு ஓடினேன். அண்ணன் கண்ணாடி முன்னாடி தலை சீவிக்கிட்டு நிக்கிறான், நெத்தி நிறைய திருநீறு, சட்டைப் பையில ரெண்டு பேனா, ஹால் டிக்கெட். அண்ணே, இது மதுகர் பேருண்ணே, இங்க பாருண்ணே, அந்தப் பையன் ஒண்ணுமே பண்ணலண்ணேன்னு காட்டினேன். வாங்கினான். படிச்சான். ரெண்டு தடவை படிச்சான், அவன் உதடு அசைஞ்சதை நான் பார்த்தேன். அப்புறம் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு நாலா மடிச்சு ஜோப்புல வெச்சுக்கிட்டான். "இதை வெளியில சொன்னே, கொன்னுடுவேன். என்னைப் போலீஸ்ல மாட்டி விடணுமா? நடந்தது நடந்துபோச்சு, வாயை மூடிக்கிட்டு இரு"ன்னான். சீப்பைக் கழுவி எடுத்த இடத்துல வெச்சான், பரீட்சைக்குப் போனான், பாஸ் பண்ணினான். முப்பத்தேழு வருஷம் சர்வீஸ், பேட்ச் குத்தி அனுப்பினாங்க, கார், வீடு, கரோக்கே. எனக்கு அடுத்த மாசமே காலேஜ் நின்னுச்சு, மூணாவது மாசம் கல்யாணம். வந்தவர் நல்ல மனுஷன், குறை சொன்னா நாக்கு அழுகிடும், இருந்தவரைக்கும் என்னை ஒரு சொல் சொன்னதில்ல. ஆனா மதுகர் பாட்டை நான் அவர் காதுபட ஒரு நாள் பாடினதில்ல. பயம்தான், வேற என்ன. மிக்ஸி ஓடும்போது மட்டும் பாடுவேன். தேங்காய் அரைக்கிற ரெண்டு நிமிஷம், சட்னி ஒன்றரை நிமிஷம், யாருக்கும் கேக்காது, நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். முப்பது நாப்பது வருஷமா அந்தப் பாட்டு என் வீட்டுல மிக்ஸிக்கு அடியில ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் இவன் இப்ப மைக்ல பாடப்போறான். எனக்கு ஹம்மிங்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஃபேமிலி பென்ஷன் பேப்பருக்கு ஆதாரை ஜெராக்ஸ் எடுக்கணும்னு பாலக்கரையில ஒரு கடைக்குள்ள நுழைஞ்சேன். தலையெல்லாம் நரைச்ச ஒருத்தர் வாங்கிக் கண்ணாடிக்குக் கீழ வெச்சு மூடினார். இடது கையாலதான் எல்லாம் பண்ணினார். ஸ்டேப்ளர் அடிக்கும்போது வலது கையைப் பேப்பர் மேல சும்மா பாரத்துக்கு வெச்சுக்கிட்டார், அந்த மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கமா திரும்பியிருந்துச்சு. பின்னாடி சுவத்துல மாதா படம், பக்கத்துல லைசென்ஸ், அதுல பேரு, பெ. சவேரிமுத்து. அவர் என் ஆதாரைக் கையில வெச்சுக்கிட்டு இருந்தார். அம்சவேணி, பெரிய எழுத்துல இருக்கு. அந்தப் பேரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, மறுபடியும் பேரைப் பார்த்தாரு. "பொன்மலையா?"ன்னு மட்டும் கேட்டார். இல்லன்னுட்டேன்! இல்லைங்கன்னு சொல்லிட்டு, மிச்சச் சில்லறைகூட வாங்காம படி இறங்கி ஓடியாந்துட்டேன். என்னைவிடக் கேடுகெட்டவ உண்டா. ஆனா யோசிச்சுப் பாருங்க, நின்னு என்ன சொல்லுவேன்? நாப்பது வருஷமா அந்த மனுஷன் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கார்? நம்ம மேல ஒருத்தி ஆசைப்பட்டு ரேடியோவுல பேரு போட்டிருக்கா, அதுக்குத்தான் கை போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா? அப்படி ஒரு ஆறுதலாவது அவருக்கு இருந்தா? அதையும் நான் போய்ப் பிடுங்கணுமா? ஐயா, அது நீங்க இல்லைங்க, ஒரு பாடகருங்க, உங்க கை உங்களுக்காகக்கூட ஒடியலைங்கன்னு எந்த வாயால சொல்றது. சொல்லாம இருக்கிறதும் எந்த வாயால. மதுகரும் போயிட்டார். அந்தக் கார்டுல இருந்தது யார் பேருன்னு சாட்சி சொல்ல இனிமே இந்த உலகத்துல ரெண்டு பேர்தான், நானும் எங்க அண்ணனும். அவன் எங்கள் இருவர்னு எழுதிட்டான். நான் இன்னிக்கு மேடையேறி ஆ, ஊன்னு பாடிட்டு வந்தா அதுவே நிஜமாயிடும், சவேரிமுத்துன்னு ஒருத்தன் அந்தக் கார்டுல இருந்ததே இல்லன்னு ஆயிடும்.

வாசல்ல ஹார்ன். மணி இன்னும் நாலுகூட ஆகல, அவன் எப்பவும் இப்படித்தான், சொன்ன நேரத்துக்கு வந்தா மரியாதை குறைஞ்சிடும். "வாங்க மாமா, அத்தை பின்னாடி டையில இருக்காங்க"ன்னு பிரதீபா குரல். நேரா பின்கட்டுக்கே வந்துட்டான். சந்தனக் கலர் ஜிப்பா, கழுத்துல துண்டு, பாடகராம். கையில பிளாஸ்டிக் கவர். "என்னம்மா அம்சா, இன்னும் கழுவலையா? கிளப்புல எல்லாரும் உன்னைப் பார்க்கணும்னு இருக்காங்க"ன்னு ஒரு தாளை நீட்டினான். பாட்டு முழுக்க கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கான். நடு நடுவுல பிராக்கெட் போட்டு, ஹம்மிங், அம்சவேணி. ஹம்மிங், அம்சவேணி. நாலு இடம். "பாட்டுக்கு முன்னாடி நீ மைக்ல ரெண்டு நிமிஷம் அந்தப் போஸ்ட் கார்டு கதையைச் சொல்லணும். நம்ம பேரு ரேடியோவுல வந்துச்சே, அது. சூப்பரா எடுபடும்"ங்கிறான். கேட்டுட்டேன். "அன்னிக்கு யார் பேருண்ணே வாசிச்சாங்க?" "இதென்ன கேள்வி, உன் பேரு, என் பேரு." சிரிக்கிறான். கண்ணு சிரிக்கல. "நல்லா யோசிச்சுச் சொல்லுண்ணே." பிரதீபா டீ போடற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, கிட்ட வந்து, குரலை இறக்கி, "அந்த எழவெல்லாம் இப்ப எதுக்கு அம்சா? நல்ல நாளும் அதுவுமா. அவன் இருக்கானோ செத்தானோ"ன்னான். "எவன்?"னு கேட்டேன். "நான் யார் பேரையும் சொல்லலையே, எவனைச் சொல்றே?" ஆக மறக்கல. சுகர் இல்ல, வயசு இல்ல, மாத்திரை இல்ல. ஒண்ணும் மறக்கல. தெரிஞ்சேதான் எழுதியிருக்கான், தெரிஞ்சேதான் அந்த மனுஷன் பேரை அழிச்சு அந்த இடத்துல தன் பேரை எழுதியிருக்கான், அன்னிக்கு ஜோப்புல மடிச்சு வெச்ச மாதிரியே.

"கதை சொல்லணும்னுதானே சொன்னே, சொல்றேன்"னேன். ஸ்டூலை விட்டு எழுந்துட்டேன், கழுத்துல ஒரு சொட்டு டை இறங்குது, இறங்கட்டும். அந்த அறிவிப்பாளர் அம்மா சொன்ன அதே இழுப்புல, பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள், பொன்மலையிலிருந்து அம்சவேணி, சவேரிமுத்து." டீத் தம்ளரோட பிரதீபா நிலைப்படியிலேயே நின்னுட்டா. "யாரு அத்தை சவேரிமுத்து?" "உங்க மாமாவைக் கேளு, இவர் முறுக்கினதுல கை ஒடிஞ்ச ஆளு. பாலக்கரையில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார்." அண்ணன் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டான், ஜிப்பாவுல டை ஒட்டும்னுகூடத் தோணல அவனுக்கு. "இத்தனை வருஷம் கழிச்சு என்னை நாறடிக்கணுமா உனக்கு? பேரன் பேத்தி எடுத்தாச்சு அம்சா. நீயும்தான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தே." "இருந்தேன். அதையும் சேர்த்துத்தான் அவர்கிட்ட சொல்லப்போறேன். காரை அந்தக் கடைக்கு விடு, மேடையெல்லாம் அப்புறம். அவர் காறித் துப்பினா நான் வாங்கிக்கிறேன், உனக்கு வேண்டாம்னா நீ வண்டியிலேயே இரு." "அவன்கிட்ட போய் நான் என்னன்னு பேசுறது?"ன்னு கேக்கறான், அறுபத்து நாலு வயசு ஆம்பளை, அப்பாகிட்ட மாட்டிக்கிட்ட மாதிரி மூஞ்சி. அந்தத் தாளை அவன் மடியிலேயே போட்டேன். "வார்த்தையெல்லாம் நான் பார்த்துக்கறேன். ஹம்மிங் மட்டும்தான் உனக்கு"ன்னுட்டு பாத்ரூமுக்குள்ள போயிட்டேன்.

பிரதீபா பின்னாடியே வந்து மக்குல தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தறா. கறுப்பா ஓடுது தண்ணி. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், எரியுது, டையா அழுகையான்னு பார்க்க இப்ப நேரமில்ல. மழை நின்ற பின்னே குடை எதற்கு. மிக்ஸி ஓடல, ஒண்ணும் ஓடல, என் குரல் எனக்கே புதுசா இருக்கு, கரகரன்னு, சுருதி இல்லாம. "அத்தை, நீங்க பாடுவீங்களா?"ங்கிறா. ஊத்துடி, பேசாம ஊத்து. நீ சென்ற பின்னே நடை எதற்கு. வெளியில கார்க் கதவு சாத்தற சத்தம் கேக்குது. ஏறி உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கானோ, ஓடிப்போகத்தான் ஏறினானோ, தெரியல. போனா போகட்டும். பாலக்கரைக்கு டவுன் பஸ் இருக்கு.